விண்ணப்பத்துக்கு முன் அண்டை அயலாரைச் சந்திக்கும் விதி: எழுதுவதற்கும் நடைமுறைப்படுத்துவதற்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு நிலத்தில் புதிதாகக் கட்ட விரும்பும் நிறுவனம், நிலப் பயன்பாட்டு விண்ணப்பத்தை உள்ளாட்சியிடம் கொடுப்பதற்கு முன்பே சுற்றிலும் வசிப்பவர்களைக் கூட்டித் தன் திட்டத்தை விளக்கியிருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவர நினைக்கும் திட்டமிடல் அலுவலர்கள், மன்ற உறுப்பினர்கள், குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் "விண்ணப்பத்துக்கு முன் ஒரு கூட்டம் நடத்தப்பட வேண்டும்" என்ற ஒரே வரியோடு விதியை முடித்துவிடுகிறார்கள். அந்த வரி யாரை அழைப்பது, எப்போது அழைப்பது, எதைக் காட்டுவது, பேசியதை யார் எழுதிவைப்பது என்ற எந்தக் கேள்விக்கும் விடை சொல்வதில்லை. ஆகவே முதல் ஆண்டிலேயே கூட்டம் ஒரு சடங்காகிவிடுகிறது. திட்டம் இன்னும் மாறக்கூடிய நிலையில் இருக்கும்போது கூட்டம் நடக்க வேண்டும். அங்கே எழுந்த ஒவ்வொரு கருத்துக்கும் விண்ணப்பத்தோடு எழுத்தில் பதில் வர வேண்டும். இவ்விரண்டும் இல்லாத கூட்டத்தால் இரு தரப்புக்கும் நேரம்தான் வீண். கீழே உள்ள படிகளின் வரிசை இவ்விரண்டையும் காப்பாற்றுவதற்காக அமைந்தது.

1. முதலில் அதிகாரத்தையும் அதன் எல்லையையும் உறுதிசெய்யுங்கள்

வரைவு எழுத உட்காரும் முன், கூட்டம் நடத்தாத விண்ணப்பத்தை ஏற்க மறுக்கும் அதிகாரம் உங்கள் உள்ளாட்சிக்கு எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்தக் கடமை அந்நாட்டுத் திட்டமிடல் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில், மண்டல மாற்ற (ஒரு நிலத்துக்கு வகுத்த பயன்பாட்டு வகையை மாற்றக் கோரும்) விண்ணப்பங்களுக்கு மக்கள் கருத்தறியும் நடைமுறை ஒன்றை நகரங்கள் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மாநிலச் சட்டம் கட்டளையிடுகிறது. அதே நாட்டின் ஒரேகான் மாநிலத்தில் நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் சொந்த விதித் தொகுப்பில் இதை எழுதிக்கொள்கின்றன. உங்கள் ஊர் இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் எழுதிய விதி, முதல் வழக்கிலேயே விழுந்துவிடும்.

அடுத்து, மேல்நிலைச் சட்டம் விதிக்கும் காலக்கெடுவைப் பாருங்கள். ஒரேகானில் விண்ணப்பம் முழுமையானது என்று ஆனபின், நகரம் தன் மேல்முறையீடுகள் உட்பட 120 நாளுக்குள் இறுதி முடிவு எடுத்தாக வேண்டும். இத்தகைய கெடு ஓடத் தொடங்கிய பிறகு அண்டை அயலாரோடு நிதானமாகப் பேச இடமே இருக்காது. சந்திப்பை விண்ணப்பத்துக்கு முன்னால் வைப்பதற்கு இதுவே வலுவான நடைமுறைக் காரணம்.

மூன்றாவதாக, சந்திப்பையும் சம்மதத்தையும் கலக்காதீர்கள். "அண்டை நில உரிமையாளர்களின் ஒப்புதலோடு" என்ற சொற்றொடர் நல்லெண்ணத்தோடுதான் வரைவுக்குள் நுழைகிறது. ஆனால் அது விதியையே கவிழ்த்துவிடும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1912இல் ரிச்மண்ட் நகரத்தின் விதியொன்றையும், 1928இல் சியாட்டில் நகரத்தின் விதியொன்றையும், பொது அதிகாரத்தைத் தனியாரின் விருப்பத்துக்கு ஒப்படைக்கின்றன என்பதால் தள்ளிவிட்டது. சியாட்டில் விதி, முதியோர் இல்லம் ஒன்று கட்ட, 400 அடிக்குள் உள்ள உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதத்தைக் கேட்டது. எனவே விதியின் முதல் பிரிவிலேயே, கூட்டம் தகவலுக்கும் கருத்துக்கும் உரியது, வாக்கெடுப்பு அன்று, அண்டை அயலார் எதிர்த்தாலும் ஆதரித்தாலும் முடிவு சட்டத்தின் அளவுகோல்படியே எடுக்கப்படும் என்று எழுதிவிடுங்கள்.

2. எந்த விண்ணப்பங்களுக்கு என்று வரையறுங்கள்

தன் வீட்டில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டுபவரையும் அடுக்குமாடித் தொகுதி எழுப்பும் நிறுவனத்தையும் ஒரே விதியில் கட்டினால், சிறியவர் அவதிப்படுவார். அந்த அவதியைக் காட்டியே பெரியவர் விதியை நீக்கச் சொல்வார். ஆகவே அளவுக் கோடு தேவை.

ஸ்காட்லாந்தில் தேசிய, பெரிய வகைத் திட்டங்களுக்கு மட்டுமே இந்தக் கடமை உண்டு. குடியிருப்பைப் பொறுத்தவரை 50 வீடுகளோ, 2 ஹெக்டேர் நிலமோ எட்டினால் அது பெரிய திட்டம். வேல்ஸில் கோடு 10 வீடுகளிலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தில் 2013 முதல் நிலத்தில் அமையும் காற்றாலைகளுக்கு இரண்டுக்கு மேற்பட்ட சுழலிகள் அல்லது 15 மீட்டருக்கு மேற்பட்ட சுழலி மைய உயரம் என்ற வரம்பு வந்தது. ஒரேகானின் போர்ட்லாந்து நகரம் கடமையை மூன்று படிநிலைகளாகப் பிரித்து, திட்டத்தின் தன்மைக்கேற்பக் கூட்டுகிறது. படிநிலை முறையே எனக்குச் சிறந்ததாகத் தெரிகிறது: சிறியவற்றுக்கு எழுத்து அறிவிப்பு மட்டும், நடுத்தரமானவற்றுக்கு அறிவிப்போடு ஒரு கூட்டம், பெரியவற்றுக்கு இடைவெளி விட்டு இரண்டு கூட்டங்கள்.

இங்கே நிகழும் பிழைகள் இரண்டு. வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் அளவாக வைத்தால் சரக்குக் கிடங்கு, எரிபொருள் நிலையம், கைபேசிக் கோபுரம் போன்றவை முழுவதும் தப்பிவிடும். கட்டுமானப் பரப்பு, நிலப் பரப்பு, பயன்பாட்டு வகை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். மற்றொன்று, ஒரே திட்டத்தைத் துண்டுதுண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் வரம்புக்குக் கீழே வைப்பது. ஒரே உரிமையாளரோ அவரோடு தொடர்புடைய நிறுவனமோ, ஒட்டியுள்ள நிலங்களில், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் கொடுக்கும் விண்ணப்பங்கள் ஒன்றாகவே கணக்கிடப்படும் என்ற பிரிவு இல்லாமல் வரம்பு எதுவும் நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த விருப்புரிமையும் இல்லாமல், அளவுகள் பொருந்தினால் கொடுத்தே ஆக வேண்டிய அனுமதிகளுக்குக் கூட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டாம். மாற்ற முடியாததைப் பற்றிக் கருத்துச் சொல்ல மக்களை அழைப்பது அவர்களிடம் பொய் சொல்வதற்குச் சமம். அங்கே, என்ன வரப்போகிறது, வேலை எப்போது தொடங்கும், யாரிடம் கேட்கலாம் என்ற அறிவிப்பு போதும்.

3. காலத்தை இரு பக்கமும் கட்டுங்கள்

சரியான வரிசை இது: முதலில் நிறுவனம் திட்டமிடல் அலுவலகத்தோடு முன்னாலோசனை நடத்த வேண்டும், பிறகு அண்டை அயலாரைச் சந்திக்க வேண்டும், அதன் பின் ஓர் இடைவெளி விட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

முன்னாலோசனை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. அந்த நிலத்தில் எத்தனை மாடி அனுமதிக்கப்படும், சாலைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது தெரியாமல் நிறுவனம் மக்கள் முன் நின்றால், விதியே அனுமதிக்காத படத்தைக் காட்டி ஊரைக் கலக்கிவிடும். அல்லது விதி கட்டாயப்படுத்துவதைத் தன் சலுகைபோலச் சொல்லிவிடும். இரண்டுமே நடந்து பார்த்திருக்கிறேன்.

அதே நேரம் கூட்டம் மிகத் தாமதமாகவும் ஆகிவிடக் கூடாது. மழைநீர் வடிகால் கணக்கு, போக்குவரத்து ஆய்வு, முகப்புத் தோற்றம் எல்லாம் பொறியாளர் கையொப்பத்தோடு முடிந்த பிறகு நடக்கும் கூட்டத்தில் யாரும் எதையும் மாற்றப் போவதில்லை. மாற்றினால் செலவழித்த பணம் போகும். எனவே கூட்டத்துக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே குறைந்தபட்ச இடைவெளியை விதியிலேயே எழுதுங்கள். ஸ்காட்லாந்தில் திட்ட முன்னறிவிப்பைக் கொடுத்ததிலிருந்து 12 வாரம் கழித்தே விண்ணப்பிக்க முடியும். 2022 அக்டோபர் முதல் அங்கே இரண்டு பொது நிகழ்வுகள் கட்டாயம். இரண்டுக்கும் இடையே குறைந்தது 14 நாள் வேண்டும். முதல் நிகழ்வில் கேட்டதற்கு இரண்டாவதில் பதில் சொல்ல வைப்பதே அந்த ஏற்பாட்டின் பயன். வேல்ஸில் வரைவு விண்ணப்பத்தை 28 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும். உங்கள் விதியில் ஒரே கூட்டம்தான் என்றாலும் அதற்கும் விண்ணப்பத்துக்கும் இடையே ஒரு மாதமாவது இருக்கட்டும்.

மேல் எல்லையும் தேவை. நிலம் விற்கப்பட்டு, அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் மாறிய பின், பழைய கூட்டத்தைக் காட்டி விண்ணப்பிக்க விடக் கூடாது. ஸ்காட்லாந்து 18 மாதம் வைத்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் மிகுந்த நகரங்களில் ஓராண்டுக்குள் வைப்பது நல்லது.

4. யாரை அழைப்பது

வரைவில் அதிகப் பிழைகள் நேர்வது இந்தப் படியில். தொலைவு ஒன்றை எண்ணாக எழுதினால் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தத் தொலைவு எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது எண்ணைவிட முக்கியம். கட்டடத்தின் சுவரிலிருந்து அளந்தால் பெரிய மனையில் அந்த வட்டம் மனைக்குள்ளேயே அடங்கிவிடும். விண்ணப்பத்துக்குரிய மனையின் எல்லையிலிருந்து அளந்தாலும், சுற்றிலும் ஒரு குறுகிய பட்டையைத் தன் பெயரிலேயே தனி மனையாக வைத்திருக்கும் உரிமையாளருக்கு அது வசதியாகிவிடும். அதே உரிமையாளருக்குச் சொந்தமான ஒட்டிய நிலங்கள் அனைத்தின் வெளி எல்லையிலிருந்து அளக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

எண்ணைத் தேர்ந்தெடுக்க ஓர் ஒப்பீடு: விண்ணப்பம் வந்த பின் உள்ளாட்சி நடத்தும் பொது விசாரணையின் அறிவிப்புக்கு ஒரேகான் மாநிலச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சம், நகர வளர்ச்சி எல்லைக்குள் (நகரம் விரிவடைய வகுத்த எல்லை) 100 அடி, அதற்கு வெளியே 250 அடி, வேளாண், வன மண்டலங்களில் 500 அடி. வீடுகள் நெருங்கிய இடத்தில் சிறு வட்டத்துக்குள்ளேயே பலர் வந்துவிடுவார்கள். வயல்வெளியில் அதே வட்டத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்பதே இந்த ஏறுவரிசையின் பொருள். முன்கூட்டிய சந்திப்புக்கு விசாரணை அறிவிப்பைவிட அகலமான வட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் வண்டிப் போக்குவரத்தும் வடிகாலும் 100 அடியில் நிற்பதில்லை.

அடுத்த பெரும் பிழை, வரிப் பதிவேட்டில் உள்ள உரிமையாளர்களுக்கு மட்டும் கடிதம் அனுப்புவது. அப்படிச் செய்தால் வேற்றூரில் இருக்கும் உரிமையாளருக்குக் கடிதம் போகும். அந்த வீட்டில் வசிப்பவர் மண்வெட்டும் இயந்திரம் வரும்போதுதான் அறிவார். வேல்ஸ் விதி ஒட்டியுள்ள நிலத்தின் உரிமையாளர், குடியிருப்பவர் இருவரையும் சேர்த்தே சொல்கிறது. நீங்களும் "உரிமையாளரும் குடியிருப்பவரும்" என்று இரண்டையும் எழுதுங்கள். குடியிருப்பவரின் பெயர் தெரியாவிட்டால் முகவரிக்கு "குடியிருப்பவர்" என்று அனுப்பினால் போதும் என்றும் சேர்த்துவிடுங்கள்.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநில ஊர்களின் திட்டமிடல் கூட்டக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, பேசுபவர்களில் முதியவர்களும் ஆண்களும் சொந்த வீட்டுக்காரர்களும் நெடுநாள் குடியிருப்பவர்களும் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிகுந்திருப்பதையும், புதிய வீடுகளைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தே பேசியதையும் கண்டார்கள். கூட்டத்தை வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள், அது நியாயமான குறைதான். அழைப்பை வாடகைதாரருக்கும் சிறு கடைக்காரருக்கும் கொண்டுசேர்ப்பது, அப்பகுதியில் பேசப்படும் மொழிகளில் அறிவிப்பது, வர முடியாதவர் எழுதியனுப்ப வழிவைப்பது ஆகியவை அக்குறையைக் குறைக்கும், முழுவதும் நீக்காது.

கடிதத்தோடு மனையில் பலகை ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத, அவ்வழியே தினமும் நடந்துபோகும் ஒருவருக்குத் தகவல் சேர வேறு வழி கிடையாது. பலகை சாலையிலிருந்து படிக்கும் அளவில், ஒவ்வொரு சாலை முகப்பிலும் ஒன்று என்று எழுதுங்கள்.

5. அறிவிப்பில் இருக்க வேண்டியவை

கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம் முன்னதாக அறிவிப்பு கையில் கிடைக்க வேண்டும். "அனுப்பப்பட வேண்டும்" என்பதும் "கிடைக்க வேண்டும்" என்பதும் வேறு. அஞ்சல் நாள்களைச் சேர்த்துக் கணக்கிட்டு, அனுப்ப வேண்டிய கடைசி நாளை விதியில் குறியுங்கள்.

மனையின் முகவரி, இடம் காட்டும் சிறு வரைபடம், என்ன கட்டப்போகிறார்கள், எத்தனை மாடி, எத்தனை வீடு அல்லது எவ்வளவு பரப்பு, எந்த வகை அனுமதி கேட்கப்போகிறார்கள், கூட்டத்தின் நாள், நேரம், இடம், நிறுவனத்தின் தொடர்பாளர், எழுத்தில் கருத்து அனுப்பக் கடைசி நாள் ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். நிறுவனங்கள் எண்களைத் தவிர்த்து "துடிப்பான சமுதாய வளாகம்" போன்ற விளம்பரச் சொற்களால் பக்கத்தை நிரப்பப் பார்க்கும். உள்ளாட்சியே ஒரு மாதிரிப் படிவத்தைத் தயாரித்து, அதையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கினால் அந்தச் சிக்கல் எழாது.

அறிவிப்பின் அடியில் ஒரு வாக்கியம் தடித்த எழுத்தில் வர வேண்டும்: இக்கூட்டத்தில் நீங்கள் பேசுவது பின்னர் நடக்கும் பொது விசாரணையின் பதிவாகத் தானாக ஆகிவிடாது. இதன் காரணத்தைப் 11ஆம் படியில் காணலாம்.

6. கூட்டத்தை நடத்தும் முறை

இடம் மனைக்கு அருகில், பொதுப் போக்குவரத்தில் வரக்கூடியதாக, சக்கர நாற்காலியில் வருபவரும் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடம், நூலகம், சமுதாயக் கூடம் போன்றவை ஏற்றவை. நிறுவனத்தின் விற்பனை அலுவலகம் ஏற்றதன்று. மற்றொருவர் வீட்டு வரவேற்பறையில் நின்றுகொண்டு அவர் திட்டத்தைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது. நேரம் வேலைநாள் மாலையாகவோ விடுமுறை நாளாகவோ இருக்கட்டும். பண்டிகை நாள்களை விலக்குங்கள். இணையவழியில் கலந்துகொள்ள வழி வைப்பது நல்லதே, ஆனால் நேரடிக் கூட்டத்துக்கு மாற்றாக அதை வைக்காதீர்கள். பெரிய தாளில் விரித்த வரைபடத்தைச் சுற்றி நின்று விரலால் சுட்டிப் பேசும்போது வெளிவரும் செய்திகள் திரையில் வருவதில்லை.

பலகைகளை மாட்டிவைத்து, வருகிறவர்கள் வந்து பார்த்துப் போகும் வகையான நிகழ்வை நிறுவனங்கள் பெரிதும் விரும்பும். அதில் ஒருவர் கேட்ட கேள்வி மற்றவருக்குக் கேட்காது. ஆளுக்கொரு பதில் சொல்லப்பட்டாலும் யாருக்கும் தெரியாது. அரைமணி நேரம் பலகைகளைப் பார்க்க விட்டு, பின்பு அனைவரும் அமர்ந்து, ஒருவர் கேட்பதையும் அதற்கான பதிலையும் எல்லோரும் கேட்கும் பகுதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கேள்வி பதிலுக்கு மொத்த நேரத்தில் பாதியாவது ஒதுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் விளக்கப் படங்களே முழு மாலையையும் எடுத்துக்கொள்ளும்.

காட்ட வேண்டிய படங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்: பக்கத்து வீடுகளையும் சேர்த்துக் காட்டும் தள வரைபடம், அந்த வீடுகளின் உயரத்தோடு ஒப்பிட்ட குறுக்குத் தோற்றம், வண்டிகள் நுழையும் வழி, வெட்டப்படும் மரங்கள், மழைநீர் போகும் திசை. பக்கத்து வீடுகள் இல்லாமல் வெற்று வெளியில் நிற்கும் கட்டடத்தின் படம் அழகாக இருக்கும், ஆனால் அருகில் வசிப்பவருக்குத் தேவையான எதையும் அது சொல்லாது.

நிறுவனத்தின் சார்பில் வருபவர் திட்டத்தை மாற்ற அதிகாரம் உள்ளவராகவோ, அந்த அதிகாரம் உள்ளவரிடம் நேரே பேசக்கூடியவராகவோ இருக்க வேண்டும். "மேலிடத்தில் சொல்கிறேன்" என்று மட்டுமே சொல்லக்கூடிய ஒருவரை அனுப்பினால் மக்களின் கோபம் அவர்மேல் விழும். திட்டத்தில் ஒரு கோடும் நகராது.

7. அதிகாரிகளும் மன்ற உறுப்பினர்களும் எங்கே நிற்க வேண்டும்

பின்னாளில் இதே விண்ணப்பத்தின்மேல் தீர்ப்புச் சொல்லப் போகும் மன்ற உறுப்பினரும் திட்டமிடல் ஆணைய உறுப்பினரும் இக்கூட்டத்துக்கு வராமல் இருப்பதே நல்லது. ஒரு தனி மனையைப் பற்றிய முடிவு பல இடங்களில் நீதிமன்றச் செயல்பாட்டுக்கு இணையாகக் கருதப்படுகிறது. ஒரேகானில் அத்தகைய விசாரணைக்கு வெளியே ஒரு தரப்போடு பேசியிருந்தால், அதன் சாரத்தை விசாரணையில் வெளிப்படுத்தி மற்றவருக்கு மறுக்க வாய்ப்பளிக்க வேண்டும். உறுப்பினர் ஆர்வத்தோடு வந்து கருத்தும் சொல்லிவிட்டால், அவர் நடுநிலையை இழந்தவர் என்ற வாதம் மேல்முறையீட்டில் எழும். அதனால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அவர் ஆதரித்த தரப்புதான்.

திட்டமிடல் அலுவலர் ஒருவர் வந்து, விண்ணப்ப நடைமுறையையும் முடிவுக்கான அளவுகோல்களையும் சில நிமிடங்கள் விளக்கலாம். திட்டத்தின் நன்மை தீமையை அவர் பேசக் கூடாது. நிறுவனத்தின் மேசைக்குப் பின்னால் அமரவும் கூடாது. சிறு செயல்தான், ஆனால் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள்.

8. பதிவும் அறிக்கையும்

முழு விதியில் ஒரே ஒரு பிரிவை மட்டும் நன்றாக எழுத நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பிரிவையே எழுதுங்கள்.

குறிப்பெடுப்பவர் நிறுவனத்தின் ஆளாகவே இருப்பார். அதைத் தவிர்ப்பது கடினம், செலவும் நிறுவனத்துடையதுதான். ஆகவே திருத்தத்துக்கு வழி வையுங்கள். கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் வரைவுக் குறிப்புகள் வருகைப் பதிவில் உள்ள அனைவருக்கும் அனுப்பப்பட வேண்டும். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் அனுப்பும் திருத்தங்களை நிறுவனம் ஏற்காவிட்டாலும் அப்படியே விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். இரு தரப்பின் சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, அலுவலகம் யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பளிக்க வேண்டிய தேவை எழாது.

அறிக்கையின் மையம் ஓர் அட்டவணை. முதல் கட்டத்தில் எழுந்த கருத்து, அடுத்ததில் நிறுவனத்தின் பதில், மூன்றாவதில் வரைபடத்தில் செய்த மாற்றமும் அது இடம்பெறும் தாளின் எண்ணும், மாற்றவில்லையென்றால் அதன் காரணம். "போக்குவரத்து குறித்துக் கவலைகள் தெரிவிக்கப்பட்டன, அவை கவனத்தில் கொள்ளப்பட்டன" என்ற வகை வரிகளை ஏற்கக் கூடாது. "கிழக்கு வாயில் பள்ளி நுழைவுக்கு நேரெதிரே வருகிறது, காலையில் பிள்ளைகள் கடக்கும் இடம் அது என்று சொல்லப்பட்டது, வாயில் தெற்குப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது, தாள் 3" என்றோ, "தெற்குச் சாலை அகலம் போதாததால் மாற்ற இயலவில்லை" என்றோ இருக்க வேண்டும். இரண்டாவது பதிலும் நல்ல பதில்தான். மாற்ற மறுப்பதற்கு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மறுத்ததைக் காரணத்தோடு எழுத மாட்டேன் என்பதற்கு இல்லை.

ஒரே பொருளில் பலர் பேசியதை ஒன்றாகச் சேர்க்கலாம். ஆனால் வெவ்வேறு இடத்தைப் பற்றிய கருத்துகளைச் சேர்க்கக் கூடாது. வடக்கு வீட்டுக்காரரின் நிழல் பிரச்சினையும் மேற்கு வீட்டுக்காரரின் வடிகால் பிரச்சினையும் "சுற்றுச்சூழல்" என்ற ஒரே வரிக்குள் போனால் இரண்டுக்கும் பதில் கிடைக்காது.

வருகைப் பதிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விண்ணப்பத்தோடு சேரும் தாள் பொது ஆவணமாகிவிடும். எனவே அதில் பெயரும் தெருவும் போதும்; தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தனித் தாளில் வாங்கி, குறிப்புகளை அனுப்ப மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். பெயர் எழுத விரும்பாதவரையும் உள்ளே விட வேண்டும்.

9. விண்ணப்பத்தை ஏற்கும் மேசையில்

அலுவலர் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்க வேண்டும்: அறிவிப்பின் நகல், அனுப்பிய முகவரிப் பட்டியல், அஞ்சல் சான்று, பலகையின் நாள் குறித்த புகைப்படம், வருகைப் பதிவு, குறிப்புகள், வந்த திருத்தங்கள், பதில் அட்டவணை, இவை உண்மை என்று நிறுவனம் தரும் உறுதிமொழிப் பத்திரம். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் விண்ணப்பம் முழுமையற்றது. ஒரேகானில் குறைபாட்டைத் தெரிவிக்க அலுவலகத்துக்கு 30 நாளே உண்டு. அதுபோன்ற கெடு உங்கள் ஊரில் இருந்தால் இந்தச் சரிபார்ப்பை முதல் வாரத்திலேயே முடியுங்கள்.

மேசையில் இருப்பவர், மக்கள் திருப்தியடைந்தார்களா என்று பார்க்கக் கூடாது. தாள் இருக்கிறதா, நாள்கள் சரியா, ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே பதில் எழுதப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் மட்டும் பார்க்க வேண்டும். இதற்கு மேல் போனால் ஏற்பு மேசையே விசாரணை மன்றமாகிவிடும். இதற்குக் கீழே நின்றால் வெற்றுத் தாள்கள் வரத் தொடங்கும்.

நல்லெண்ண விலக்கு ஒன்றும் வேண்டும். விலாசம் மாறி ஒரு கடிதம் திரும்பி வந்ததற்காக முழு நடைமுறையும் செல்லாது என்றால், எதிர்ப்பவர்கள் அந்த ஒரு கடிதத்தையே தேடுவார்கள். நடப்புப் பதிவேட்டைக் கொண்டு உரிய முறையில் அனுப்பியிருந்தால், ஒருவருக்குக் கிடைக்காமல் போனது மட்டும் குறையாகாது என்று எழுதுங்கள்.

10. கூட்டத்துக்குப் பின் திட்டம் மாறினால்

கூட்டத்தில் மூன்று மாடி காட்டி, விண்ணப்பத்தில் ஐந்து மாடி வந்தால் கூட்டமே நடக்கவில்லை என்று பொருள். உயரம், வீடுகளின் எண்ணிக்கை, பரப்பு ஆகியவை குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் கூடினாலோ, வாயில் வேறு சாலைக்கு மாறினாலோ, பயன்பாட்டு வகை மாறினாலோ மறுகூட்டம் தேவை என்று வரையறுங்கள்.

ஆனால் "எந்த மாற்றத்துக்கும் மறுகூட்டம்" என்று எழுதாதீர்கள். வரைவுகளில் நான் அடிக்கடி காணும், மிகவும் கெடுதல் செய்யும் பிழை இது. அண்டை அயலார் கேட்டதற்காக ஒரு மாடியைக் குறைத்த நிறுவனம் மறுபடியும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், எதையும் மாற்றாத நிறுவனம் முதல் இடைவெளி முடிந்த மறுநாளே விண்ணப்பிக்கலாம் என்றால், யார் சொல்லையும் கேட்காமல் இருப்பதற்கே விதி பரிசு கொடுக்கிறது. கூட்டத்தில் எழுந்த கருத்துக்கு இணங்கிச் செய்த மாற்றம், புதிதாக வேறொருவரைப் பாதிக்காத வரை, மறுகூட்டத்தைக் கோராது என்று தெளிவாக விலக்களியுங்கள்.

11. அண்டை அயலார் அறிந்திருக்க வேண்டியவை

விதியோடு ஒரு பக்கத் துண்டறிக்கையும் தயாரியுங்கள். அதில் முதலில் வர வேண்டியது, கூட்டத்தில் பேசியதோடு கடமை முடியவில்லை என்பது. ஒரேகானில், விசாரணைப் பதிவு மூடப்படுவதற்குள் போதிய தெளிவோடு எழுப்பாத பிரச்சினையை நிலப் பயன்பாட்டு மேல்முறையீட்டு வாரியத்தில் புதிதாக எழுப்ப முடியாது. முன்கூட்டிய கூட்டத்தில் உரக்கப் பேசிவிட்டு, விசாரணைக்கு எழுதாமல் இருந்தவர்கள் அங்கே வெறுங்கையோடு நிற்க நேரிடும். தான் சொன்னதை எழுதி, நாளிட்டு, விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது, அளவுகோல்களைப் படித்துவிட்டு வருவது. ஒரேகானில் வீடுகளுக்கான விண்ணப்பங்களைத் தெளிவான, புறவயமான அளவுகளால் மட்டுமே மதிப்பிட வேண்டும் என்பது சட்டம். அத்தகைய இடத்தில் "எங்கள் தெருவின் இயல்புக்கு ஒவ்வாது" என்ற வாதத்தால் பயனில்லை. "எல்லைச் சுவருக்கும் கட்டடத்துக்கும் இடையே விட வேண்டிய இடம் குறைகிறது" என்ற வாதம் நிற்கும். நிறுவனம் தானாக முன்வந்து செய்யக்கூடியவை வேறு வகை: வேலை நேரம், தூசிக் கட்டுப்பாடு, வேலியின் உயரம், குப்பைத் தொட்டி வைக்கும் இடம், சன்னல்களின் திசை. முன்கூட்டிய கூட்டத்தில் அதிகம் கைகூடுவது இவையே. ஆகவே இவற்றின் பட்டியலோடு வருவது நல்லது.

வாக்குறுதி கிடைத்தால் அதை எழுத்தில் வாங்கி, அனுமதியின் நிபந்தனையாகச் சேர்க்குமாறு விசாரணையில் கேட்க வேண்டும். நிபந்தனையாகாத வாக்குறுதி இரு தனியாருக்கு இடையிலான ஒப்பந்தம் மட்டுமே; அது மீறப்பட்டால் உள்ளாட்சி அலுவலகம் வந்து தடுக்காது. நிலம் விற்கப்பட்டால் புதியவரை அது கட்டுப்படுத்துமா என்பதும் ஐயமே.

12. நடைமுறைக்குக் கொண்டுவரும் நாள்

படிவங்கள், மாதிரி அறிவிப்பு, முகவரிப் பட்டியல் எடுக்கும் முறை, துண்டறிக்கை ஆகியவை தயாரான பிறகே விதி அமலுக்கு வரும் நாளைக் குறியுங்கள். பட்டியலை நிறுவனமே தயாரிக்க விட்டால் தவறுகள் மலியும். உள்ளாட்சி ஒரு கட்டணத்துக்குத் தானே எடுத்துக் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

இடைக்காலப் பிரிவை மறக்காதீர்கள். ஏற்கெனவே கொடுக்கப்பட்ட விண்ணப்பங்களுக்குப் புதிய விதி பொருந்தாது என்று எழுதுங்கள். ஒரேகானில், விண்ணப்பம் முதலில் கொடுக்கப்பட்ட நாளில் இருந்த அளவுகோல்களே பொதுவாக அதற்குப் பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. முன்னாலோசனை முடித்து இன்னும் விண்ணப்பிக்காதவர்களின் நிலையைத் தனியே சொல்லுங்கள், ஏனெனில் அமல் நாளுக்கு முந்தைய வாரத்தில் அலுவலகத்துக்கு வரும் கூட்டம் அவர்களுடையதாகவே இருக்கும். அந்த அவசரத்தில் வரும் முழுமையற்ற விண்ணப்பங்கள், குறைகள் குறிப்பிட்ட நாளுக்குள் நிரப்பப்பட்டால் மட்டுமே பழைய விதியின்கீழ் நிற்கும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.